ராயபுரத்துக் கிருமி

அத்தியாயம் பதினொன்று

"இது டி.பி. இல்ல அண்ணி. யாருக்கும் ஒட்டாது. தைரியமா வாங்க."

ஷைனி போனில் இப்படிச் சொன்ன மறுநாளே ஜூடி எண்ணூர் அம்மா வீட்டிலிருந்து வந்து இறங்கிவிட்டாள். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில் நான்கு வயது டெபோரா.

அது நடந்து ஒரு மாதம் ஆகிறது.

ஒரு மாதமாக அந்த ராயபுரம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. ஜூடியின் கணவன் சாவியோவுக்கென்று தனியாக ஒதுக்கி வைத்திருந்த தட்டும் டம்ளரும் மற்றப் பாத்திரங்களோடு வந்து சேர்ந்துவிட்டன. ஆணியில் தொங்கிய மாஸ்க்கை ஜூடியே எடுத்துக் குப்பையில் போட்டாள். மாமியார் ஆலிஸ் கேசரி கிளறித் தெருவெல்லாம் கொடுத்து, "எம் புள்ளைக்கு அந்த நோவு இல்லன்னு பெரிய லேப்லயே சொல்ட்டாங்க" என்று வாசலுக்கு வாசல் நின்று சொல்லிவிட்டு வந்தாள்.

டெபோரா அப்பாவின் மார்பில்தான் தூங்குகிறாள்.

ஆனால் சாவியோ மட்டும் இளைத்துக்கொண்டே போகிறான்.

துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் ட்ரெய்லர் டிரைவர் அவன். இருமல் தொடங்கியபோது டி.பி. என்றுதான் மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதம் விழுங்கியும் இருமல் நிற்கவில்லை. தங்கை ஷைனி, சளியில் இருக்கும் கிருமிகளை வளர்த்துப் பார்த்து இனம் பிரிக்கும் ஒரு லேபில் டெக்னீஷியன். அவள்தான் அண்ணனின் சளியைத் தன் லேபுக்கே எடுத்துப் போனாள். மூன்று நாள் காலையில் மூன்று டப்பா. மூன்றிலும் ஒரே மாதிரி மஞ்சள் கிருமி வளர்ந்தது. டி.பி. கிருமியின் குடும்பம்தான், ஆனால் டி.பி. இல்லை. உலகத்தில் யாரும் இதுவரை பெயர் வைக்காத ஒன்று.

டி.பி. மருந்து நிறுத்தப்பட்டது. இந்தக் கிருமிக்கென்று வேறு மருந்து தொடங்கியது. ஜூடிக்குப் போன் போனது.

இன்றைக்கு அந்தக் கிருமிக்குப் பெயர் வைக்கப் போகிறார்கள்.

*

"இன்னா ஷைனி, இன்னும் கெளம்பலியா? முதல் பஸ்ஸுக்கே ஓடுவியே" என்றாள் ஜூடி, டெபோராவுக்குத் தலை பின்னியபடி.

"லேட்டா வந்தா போதும்னு மேடம் சொல்ட்டாங்க அண்ணி. இன்னிக்கு பார்சல் போவுது."

"இன்னா பார்சலு?"

"அண்ணனோட கிருமிதான். உயிரோட ரெண்டு நாட்டுல ரெண்டு எடத்துல வெச்சுக் காப்பாத்தணும். அப்பதான் அது புது ஜாதின்னு ஒத்துக்குவாங்க."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சாவியோ சிரித்தான். "இத்தினி வருசம் ட்ரெய்லர் ஓட்டி நான் ஹார்பர் கேட்டத் தாண்டினது இல்ல. என் கிருமி ஃபாரின் போவுதா?"

"ஃபிளைட்ல போவுதுண்ணா."

"பாத்தியா ஜூடி? அதுக்கு இருக்கற மவுசு எனக்கு இல்ல."

"பேரு இன்னா வெக்கிறாங்களாம்?"

"ராயபுரம்னு வர்ற மாதிரி, லத்தீன்ல."

"லத்தீனா? அப்ப நம்ம ஃபாதராண்டதான் குடுத்துப் படிக்கச் சொல்லணும்" என்றாள் ஜூடி.

சாவியோ சத்தமாகச் சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டான். துண்டை வாயில் அழுத்தினான். இருமல் ஓய்ந்ததும் துண்டைச் சட்டென்று மடித்துத் தொடைக்கு அடியில் வைத்தான்.

ஷைனி பார்த்துவிட்டாள். மடிப்பின் ஓரத்தில் சிவப்பு.

ஜூடி பார்க்கவில்லை. ரிப்பன் முடிச்சில் கவனமாக இருந்தாள்.

"மேடம் இன்னொரு டப்பா கேட்டாங்கண்ணா. புது மருந்து கேக்குதான்னு பாக்கணுமாம். மாடிக்குப் போய் எடுத்துக் குடேன்."

"நீ உக்காரு ஷைனி. டப்பாவ நான் வாங்கியாறேன்" என்று சமையலறையிலிருந்து ஆலிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எப்பவும் நான்தான வாங்கியாறேன்."

அது உண்மை. சளியை வீட்டுக்குள் துப்பக் கூடாது, திறந்த வெளியில்தான் எடுக்க வேண்டும் என்று ஷைனியே சொல்லிக் கொடுத்திருந்தாள். குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்கக் கூடாது, தண்ணீரில் இருக்கிற கிருமி சளியில் கலந்தால் குழப்பம் வரும், கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர்தான் வேண்டும் என்பதையும் பல தடவை சொல்லியிருந்தாள். சாவியோ மொட்டை மாடியில் துப்புவான். ஆலிஸ் வாங்கி, மூடி, பையில் போட்டுப் பஸ் ஸ்டாப்புக்கே கொண்டுவந்து கொடுப்பாள். அந்த மூன்று காலைகளும் அப்படித்தான் நடந்தன.

இன்றைக்கு ஷைனி வீட்டில் இருந்தாள். பெயர் ஒட்டும் சீட்டைக் கொடுக்க மறந்தது ஞாபகம் வந்து, மாடிப்படி ஏறினாள்.

சாவியோ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்து நின்றிருந்தான். மூச்சு வாங்கியது. ஆலிஸ் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டியபடி இருந்தாள். அவள் கையில் டப்பா. மூடி திறந்திருந்தது.

இன்னொரு கையில் மாதா பாட்டில்.

மாதா உருவத்தில் செய்த பிளாஸ்டிக் பாட்டில் அது. நீலக் கிரீடம்தான் மூடி. ஆலிஸ் கிரீடத்தைத் திருகி எடுத்தாள். டப்பாவின் மேல் பாட்டிலைச் சாய்த்தாள். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. டப்பாவின் மேல் காற்றில் சிலுவை வரைந்தாள்.

"அம்மா!"

ஆலிஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அடிப்பாவி! கீழ போட்ருப்பேன். இப்படியா வந்து கத்துவே?"

"இன்னா ஊத்துன?"

"இன்னாத்த ஊத்திட்டாங்க? கோவில்ல மந்திரிச்ச மாதா தண்ணிதான். ரெண்டே ரெண்டு சொட்டு."

ஷைனி நெருங்கி வந்தாள். "மொதல்ல குடுத்த மூணு டப்பாலயும்?"

"பின்ன? ஒண்ணுல ஊத்தி ஒண்ணுல உடுவனா?" ஆலிஸின் முகத்தில் பெருமை வந்தது. "அதனாலதாண்டி டி.பி. இல்லன்னு வந்துச்சு."

ஷைனி கையை நீட்டினாள்.

பாட்டிலைக் கையில் வாங்கினாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது சாமிப் படத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

"இது எப்பம்மா வாங்கினது?"

"நீ சின்னப் புள்ளயில கோவில்ல மொத மொத அப்பம் வாங்கி புதுநன்ம எடுத்த வருசம். மாதா கோவில் திருநாளுக்குப் போனமே, அப்ப."

"அப்பத்துல இருந்து தண்ணி தீரலியா?"

"தீர உடுவனா? பாதிக்கு வந்தா நம்ம ட்ரம்முல இருந்து ஊத்தி ரொப்பிடுவேன். மந்திரிச்ச தண்ணி ஒரு சொட்டு இருந்தா போதும்டி. மிச்சமும் மந்திரிச்சதா ஆயிடும்."

"ஒரு தடவையாவது கழுவி இருக்கியா?"

"மாதாவக் கழுவுவாங்களா? போடி!"

ஷைனி பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே, மாதாவின் கழுத்துப் பக்கம், வளையமாக ஒரு வழவழப்பு படிந்திருந்தது.

மஞ்சள்.

அந்த மஞ்சளை அவளுக்கு நன்றாகத் தெரியும். பல வாரமாகக் கண்ணாடிக் குழாய்களில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இத நான் லேபுக்கு எடுத்துனு போறேம்மா."

"எதுக்கு?"

"பார்சல் போவுதுல்ல. வேண்டிக்கறதுக்கு."

ஆலிஸ் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பவாவது புத்தி வந்துச்சே. கிரீடம் லூசா கீது, பாத்து எடுத்துனு போ."

*

பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. கீழே ரயில் பெட்டிகளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஷைனியின் மடியில் சளி டப்பா வைத்த குளிர்பெட்டி. தோள்பையில் பாலித்தீன் உறை போட்ட மாதா பாட்டில்.

எங்கே தப்பு நடந்தது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

டி.பி. கிருமி வளர வாரக்கணக்கில் ஆகும். இந்த மஞ்சள் கிருமி ஒரு வாரத்துக்குள் வளர்ந்து நின்றது. இருட்டில் வைத்தாலும் வெளிச்சத்தில் வைத்தாலும் மஞ்சளாகவே இருந்தது. டி.பி.யைக் காட்டும் சோதனைப் பட்டையில் கோடு விழவில்லை. மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து, பெயர் உள்ள அத்தனை உறவுக் கிருமிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மிக நெருங்கிய உறவுகூட எட்டத்தில்தான் நின்றது. லேப் தலைவர் டாக்டர் நர்மதா அன்றைக்கு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டார். "ஷைனி, இது புதுசு!"

தண்ணீரிலிருந்து கலந்திருக்குமோ என்ற சந்தேகம் அப்போதும் வந்தது. லேப் குழாய்களைச் சோதித்தார்கள். அதில் இல்லை. வேறு நோயாளிகளின் டப்பாவில் இல்லை. ஒரு டப்பாவில் மட்டும் வந்திருந்தால் தூக்கிப் போட்டிருப்பார்கள். மூன்று தனித்தனிக் காலையில் எடுத்த மூன்று டப்பாவிலும் வந்தால் அது நுரையீரலில் குடியிருப்பதுதான். அதுதான் விதி.

சொட்டு ஊற்றும் அம்மா ஒருத்தி இருப்பாள் என்று அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. டி.பி. இருக்கிறதா என்று சொல்லும் மெஷினில் அப்போதே லேசாக 'உண்டு' என்று காட்டியது. அளவு குறைவு, மருந்து கேட்குமா கேட்காதா என்று சொல்ல முடியாத அளவு. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டவர்களுக்குச் செத்த கிருமியின் மிச்சம்கூட அப்படிக் காட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

செத்த கிருமியா?

காலையில் பார்த்த துண்டின் ஓரம் கண் முன்னால் வந்தது.

பையில் இருந்த பாட்டிலை மேம்பாலத்திலிருந்து வீசிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. பார்சல் போய்விடும். கிருமியைப் பற்றி வரப்போகும் ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. ராயபுரத்துக் கோவில் தெருவில் வளர்ந்த ஒருத்தியின் பெயர், அந்தக் கிருமி இருக்கும்வரை கூடவே இருக்கும்.

பஸ் நகர்ந்தது. ஷைனி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*

"வாம்மா, கிருமிக்கு அத்த!" என்றான் தவ்ஃபீக். பார்சல் கட்டும் வேலை அவனுடையது. தெர்மோகோல் பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். "அண்ணன் புள்ளைக்குப் பேர் வெக்கிற அன்னிக்கு வெறுங்கையோட வர்றியே. ஸ்வீட் எங்க?"

"கொஞ்சம் இரு தவ்ஃபீக்."

"இன்னா, மூஞ்சியே சரியில்ல?"

அவள் உள்ளே போனாள். கவசம் போட்டுக்கொண்டு, பாட்டில் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துச் சுழல வைத்து, அடியில் தங்கியதைக் கண்ணாடியில் பூசினாள். சாயம் ஏற்றினாள். கழுவினாள். எத்தனையோ ஆயிரம் தடவை செய்த வேலை.

மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தாள்.

நீலத் திரையில் சிவப்புக் குச்சிகள். கொத்துக் கொத்தாக. மாதாவின் கழுத்துக்குள் பல வருடமாக யாரும் தொந்தரவு செய்யாமல் வளர்ந்தவை.

"கிளம்பியாச்சா பார்சல்?" என்று கேட்டபடி டாக்டர் நர்மதா வந்தார். புதுப் புடவை உடுத்தியிருந்தார்.

ஷைனி எழுந்து இடம் விட்டாள். "மேடம், இதப் பாருங்க."

நர்மதா பார்த்தார். "நல்லா இருக்கே. அண்ணனோட புது சாம்பிளா?"

"இல்ல மேடம். எங்க வீட்டு மந்திரிச்ச தண்ணி."

நிமிர்ந்த நர்மதாவிடம் ஷைனி எல்லாவற்றையும் சொன்னாள். நீலக் கிரீடம், இரண்டு சொட்டு, மூன்று டப்பா. சொல்லி முடிக்கும்வரை நர்மதா அசையவில்லை.

"இது அதே கிருமிதான்னு இன்னும் நிரூபணம் ஆகல" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "குச்சி குச்சியா இருக்கறதெல்லாம் ஒண்ணு கிடையாது. வளர்த்துப் பார்க்கணும். மரபணு படிக்கணும். ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் வெளியில பேச வேண்டாம். பார்சல் போகட்டும், தப்புன்னா அப்புறம் திருத்திக்கலாம்."

"அது வளர்ற வரைக்கும் எங்கண்ணன் பொண்ணு அவன் மார்மேலதான் தூங்கும் மேடம்."

நர்மதா அவளைப் பார்த்தார்.

"நான்தான் போன் பண்ணி வரவெச்சேன். ஒட்டாதுன்னு சொன்னேன்."

நர்மதா கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு எடுத்த சளி எங்க?"

"கொண்டாந்திருக்கேன்."

"மெஷின்ல போடு. இப்பவே. டி.பி. இருந்தா அது தண்ணியைப் பார்த்து ஏமாறாது."

*

மெஷின் பதில் சொல்ல இரண்டு மணி நேரம் போல ஆகும். ஷைனி அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். தவ்ஃபீக் டீ வாங்கி வந்து வைத்தான். கேலி எதுவும் பேசவில்லை. டீ ஆறிப்போனது.

பதில் வந்தபோது நர்மதாதான் குனிந்து படித்தார்.

டி.பி. உண்டு. அளவு, மிக அதிகம்.

அடுத்த வரியைப் படிக்க அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். முதன்மையான டி.பி. மருந்து, கேட்காது.

"செத்த கிருமியோட மிச்சம் குறையும், ஏறாது" என்றார் நர்மதா. "இது உயிரோட இருக்கு. முதல் நாள்லேருந்தே இருந்திருக்கு. மருந்து கேட்காததாலதான் ஆறு மாசமும் வீணாச்சு. நம்ம மஞ்சள் கிருமி வேகமா வளர்ந்து இதை மூடிடுச்சு. நாம மேல இருந்ததை மட்டும் பார்த்தோம்."

"நான்தான் மேடம் கொண்டாந்தேன்."

"நீ கொண்டு வந்தே. கையெழுத்துப் போட்டது நான்." நர்மதா நாற்காலியில் உட்கார்ந்தார். "மஞ்சள் கிருமி புதுசுதான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது யாருக்கும் எந்தக் கெடுதலும் பண்ணல. தண்ணியில சும்மா இருந்துச்சு. நாமதான் அதைப் பிடிச்சு நோய்னு சொன்னோம்."

வெளியே எட்டிப் பார்த்து, "தவ்ஃபீக், பெட்டியைப் பிரிச்சிடு" என்றார்.

தவ்ஃபீக் ஷைனியைப் பார்த்தான். பிறகு ஒட்டிய டேப்பை மெதுவாக உரித்தான்.

"வீட்டுக்குப் போ" என்றார் நர்மதா. "நாளைக்குக் காலையில அண்ணனை வார்டுல சேர்க்கணும். நான் பேசிடறேன். எல்லாருக்கும் எக்ஸ்ரே. குழந்தைக்கு மொதல்ல."

ஷைனி கிளம்பினாள்.

"ஷைனி, அம்மாகிட்ட என்ன சொல்லப் போறே?"

ஷைனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

*

சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. சாவியோ மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தான். டெபோரா அவன் வயிற்றின் மேல் உட்கார்ந்து அவன் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஷைனி படியிலேயே நின்றாள். மாஸ்க் போட்டிருந்தாள்.

சாவியோ அந்த மாஸ்க்கைப் பார்த்தான். அவள் கண்களைப் பார்த்தான். அவனுக்கு வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"டெபோ, கீழ போடா செல்லம்" என்றான், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு. "அம்மா கூப்புடறாங்க பாரு."

"அம்மா கூப்புடவே இல்லியே?"

"கூப்ட்டாங்க. போ."

குழந்தை முனகிக்கொண்டே இறங்கிப் போனது. ஷைனி இன்னொரு மாஸ்க்கை நீட்டினாள். அவன் வாங்கி மாட்டிக்கொண்டான்.

"அதானா?"

"அதான்ணா. மருந்து கேக்காத டி.பி. வேற மருந்து இருக்கு. நாளைக்கே சேத்துடலாம். சரியாயிடும்."

"அப்ப அந்த ஃபிளைட்ல போற கிருமி?"

ஷைனி சொன்னாள். மாதா பாட்டிலைப் பற்றிச் சொன்னபோது அவன் சிரிக்கத் தொடங்கி, இருமி, இரு கைகளாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா வேண்டினது பலிச்சிடுச்சு பாரேன்" என்றான் மூச்சு வந்ததும். "டி.பி. இல்லன்னு வரணும்னு வேண்டிச்சு. வந்துச்சு."

"அண்ணா..."

"அம்மாகிட்ட சொல்லாத ஷைனி. நான்கூடத் தாங்குவேன். அது தாங்காது. தன் கையாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே உசுர உட்ரும். எங்கிட்ட சத்தியம் பண்ணு."

ஷைனி சரி என்று தலையை ஆட்டினாள்.

"இன்னா சத்தியம்?"

படியில் ஜூடி நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. இரண்டு பேர் முகத்திலும் இருந்த மாஸ்க்கை மட்டும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீதான போன் பண்ண?" என்றாள் ஷைனியிடம்.

"ஆமா அண்ணி."

"ஒட்டாதுன்னு சொன்ன. நான் ரெண்டு தடவ கேட்டேன். கொழந்தைய கூட்டினு வரலாமான்னு கேட்டேன். எங்கம்மா வேணாம்னு அழுதாங்க. எங்க நாத்தனாரு படிச்சவ, பொய் சொல்ல மாட்டான்னு சொல்லிட்டு வந்தேன்."

"நான்தான் தப்பாப் பாத்துட்டேன் அண்ணி."

ஜூடி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஷைனிக்குத் தோன்றியது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த டெபோராவின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்குக் கொழந்தைய எங்க கூட்டினு போவணும்? அத மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் எங்கிட்ட பேசாத."

ஷைனி சொன்னாள். ஜூடி இறங்கிப் போனாள். சாவியோவின் பக்கம் அவள் திரும்பவில்லை. பாதிப் படியில் நின்று, சட்டைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுத்தான் போனாள்.

*

ஷைனி கீழே வந்தபோது ஆலிஸ் சாமிப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் பதறிப் போயிருந்தாள். ஆனால் கைகள் ஏதோ வேலையாக இருந்தன.

"இன்னாடி ஆச்சு? கொழந்தைக்கு டெஸ்ட்டுன்னு ஜூடி சொல்றா. வேற எதுவும் சொல்ல மாட்டேன்றா. பெட்டிய எடுத்து வெக்கிறா."

"ஆமாம்மா. நாளைக்கு."

"பாட்டில் எங்க? எடுத்துனு போனியே."

"லேப்ல இருக்கு."

"அங்கயே உட்டுட்டு வந்துட்டியா? சரி, பரவால்ல."

ஆலிஸ் குனிந்து அலமாரியின் கீழ்த் தட்டைத் திறந்தாள். துணிகளுக்குப் பின்னாலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்தாள். அதே உருவம். அதே நீலக் கிரீடம்.

"உனக்கு வேல கெடச்சப்ப வாங்கினது. பெரிசுல இருந்து இதுலயும் கொஞ்சம் ஊத்தி வெச்சிருக்கேன்" என்றாள். "சாவியோவக் காப்பாத்துச்சுல்ல. கொழந்தைய உட்ருமா? நாளைக்கு டப்பா குடுத்தா நேரா எங்கிட்ட குடு. ஜூடிக்குத் தெரிய வேணாம். அவ ஒரு மாதிரி."

ஷைனி நிமிர்ந்தாள். மாடிப்படியின் கடைசிப் படியில் சாவியோ நின்றிருந்தான். மாஸ்க்குக்கு மேலே அவன் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. தலை மெதுவாக இடமும் வலமும் அசைந்தது.

சொல்லாதே.

உள்ளறையில் ஜூடி பெட்டியின் பூட்டைப் போடும் சத்தம் கேட்டது. டெபோரா ஏதோ கேட்டாள்.

ஷைனி அண்ணனிடமிருந்து பார்வையை எடுத்தாள். அம்மாவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். பக்கத்தில் தரையில் தானும் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல எழுந்துக்காத. முழுசாக் கேளு."

ஆலிஸ் மகளின் முகத்தைப் பார்த்தாள். என்னவோ புரிந்ததுபோல் பாட்டிலை இரண்டு கைகளாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு" என்றாள்.